பாய்மரமும் மின்னலும்: கரை திரும்ப எத்தனை நிமிடம்?

சனிக்கிழமை பிற்பகல் மணி மூன்று. சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் கடலில் நீங்கள் பாய்மரப் படகுப் பயிற்சியில் இருக்கிறீர்கள். கரையிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தூரம். நீங்கள் செலுத்துவது ‘ஆப்டிமிஸ்ட்’ என்னும் சின்னஞ்சிறு படகு. அதன் நீளம் 2.3 மீட்டர்தான். பயிற்சிப் பந்தயத்தில் இன்னும் ஒரே ஒரு சுற்றுதான் பாக்கி. நீங்கள் இரண்டாவது இடத்தில் இருக்கிறீர்கள். முன்னால் செல்லும் படகை எட்டிப் பிடித்துவிடலாம் போலிருக்கிறது.

திடீரெனக் காற்று குறைகிறது. பாய் தொய்கிறது. மேற்கே, நகரத்தின் உயரமான கட்டடங்களுக்குப் பின்னால் வானம் கறுத்திருக்கிறது. ஆனால் உங்கள் தலைக்குமேல் இன்னும் வெயில்தான். ஒரு துளி மழைகூட இல்லை. அப்போது எங்கோ தொலைவில், பாலத்தின்மீது லாரி ஓடுவதுபோல் மெல்லிய உறுமல் கேட்கிறது.

கடைசிச் சுற்றை முடித்துவிட்டுத் திரும்பலாமா? அல்லது இப்போதே திரும்ப வேண்டுமா?

“இடி எங்கோ தூரத்தில்தானே, பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம்” என்று நினைக்கத் தோன்றும். அது சரியா தவறா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. தூரம், வேகம், நேரம் என்ற எளிய கணக்கைப் போட்டே கண்டுபிடித்துவிடலாம். அதற்குமுன், மின்னல் படகை ஏன் தாக்குகிறது, தாக்கினால் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம்.

மின்னல் எங்கே இறங்கும்?

நம் வட்டாரத்தில் ஓர் இடிமேகம் 10 கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்துக்கு வளரக்கூடியது. மேகத்துக்குள் மேல்நோக்கி வீசும் காற்று, நீர்த்துளிகளை உறைநிலைக்கும் குளிர்ந்த உயரத்துக்குத் தூக்கிச் செல்கிறது. அங்கே சிறு பனிப்படிகங்களும் கனமான ஆலங்கட்டித் துகள்களும் ஓயாமல் மோதிக்கொள்கின்றன. அந்த மோதலில் மின்னூட்டம் பிரிகிறது. இலேசான படிகங்கள் நேர் மின்னூட்டத்துடன் மேகத்தின் உச்சிக்குச் செல்கின்றன. கனமான துகள்கள் எதிர் மின்னூட்டத்துடன் மேகத்தின் நடுப்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் தங்குகின்றன.

இந்த மின்னூட்டம் ஓர் அளவைத் தாண்டியதும் காற்றைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கத் தொடங்குகிறது. அது ஒரே பாய்ச்சலில் இறங்குவதில்லை. ஏறத்தாழ 50 மீட்டர் நீளமுள்ள படிகளாக, தாவித் தாவி, கிளை பிரிந்து வருகிறது. கீழே என்ன இருக்கிறது என்பது, அது மிக அருகில் வரும்வரை அதன் பாதையை மாற்றுவதில்லை. தரையை நெருங்கியதும், கீழே உயர்ந்து நிற்கும் பொருள்களின் உச்சியிலிருந்து சிறு மின்பொறிகள் மேல்நோக்கி எழுகின்றன. அவற்றுள் எது முதலில் மேலிருந்து வரும் கிளையைத் தொடுகிறதோ, அந்தப் பொருள்தான் தாக்கப்படுகிறது. தொட்ட மறுகணம், உண்டான பாதை வழியே பெரும் மின்னோட்டம் பாய்கிறது. நம் கண்ணைப் பறிக்கும் ஒளி அதுதான்.

அந்த மின்னோட்டம் பொதுவாக 30,000 ஆம்பியர் அளவில் இருக்கும். உங்கள் வீட்டில் தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கெண்டி எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 10 ஆம்பியர்தான். மின்னல் செல்லும் பாதையில் காற்றின் வெப்பம் ஏறத்தாழ 30,000 டிகிரி செல்சியசைத் தொடும். இது சூரியனின் மேற்பரப்பு வெப்பத்தைப்போல் ஐந்து மடங்கு. இவ்வளவு சூடான காற்று ஒரே நொடியில் வெடித்து விரிவதால் எழும் ஓசையே இடி.

தரையில் நம்மைச் சுற்றி வீவக புளோக்குகள், மரங்கள், விளக்குக் கம்பங்கள் என்று நம்மைவிட உயரமானவை பல உண்டு. கடல் அப்படியல்ல. கண்ணுக்கு எட்டிய தூரம் தட்டையான நீர்ப்பரப்பு. அதன்மீது நிமிர்ந்து நிற்கும் ஒரே பொருள் உங்கள் படகின் பாய்மரம். அது இரண்டரை மீட்டர் உயரமே என்றாலும், அந்த இடத்தில் அதுதான் உயரம்.

ஒன்றை இங்கே தெளிவாக்கிக்கொள்வோம். “பாய்மரம் அலுமினியம் என்பதால் மின்னலை இழுக்கிறது” என்று பலர் சொல்வார்கள். உண்மையில், உலோகம் என்பதைவிட உயரமும் தனித்து நிற்பதுமே முக்கியக் காரணங்கள். மரத்தாலான பாய்மரங்களையும் மின்னல் தாக்கியிருக்கிறது. அதற்கு வரலாற்றுச் சான்றுகள் ஏராளம்.

நம் வட்டாரத்தில் ஏன் இவ்வளவு மின்னல்?

உலகில் மின்னல் மிக அதிகமாக ஏற்படும் பகுதிகளில் சிங்கப்பூரும் தீபகற்ப மலேசியாவும் அடங்கும். சிங்கப்பூரில் ஓர் ஆண்டில் 160க்கும் மேற்பட்ட நாள்களில் இடியுடன் கூடிய வானிலை பதிவாகிறது. சராசரியாக ஐந்து நாள்களில் இரண்டு நாள்களுக்கும் மேல்! ஏப்ரல், மே, நவம்பர் மாதங்களில் இது இன்னும் அதிகம். இவை இரண்டு பருவமழைக் காலங்களுக்கு இடைப்பட்ட மாதங்கள். காற்று இலேசாக வீசும். நிலம் காலை முதல் சூடேறும். கடற்காற்றுகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில் காற்று மேலெழும்பி, பிற்பகலில் இடிமேகங்கள் திரளும். பள்ளி முடிந்து இணைப்பாட நடவடிக்கை நடக்கும் நேரமும் அதே பிற்பகல்தான்.

இன்னொரு வகை, சுமத்ராக் காற்று எனப்படும் சூறைக்காற்று. சுமத்ராத் தீவிலோ மலாக்கா நீரிணையிலோ இரவில் இடிமேகங்கள் ஒரு வரிசையாகத் திரண்டு, கிழக்கு நோக்கி நகர்ந்து, பெரும்பாலும் விடியற்காலையிலோ காலையிலோ சிங்கப்பூரையும் மலேசியாவின் மேற்குக் கரையையும் வந்தடையும். அப்போது காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் திடீரென வீசும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை இதை எதிர்பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் படகு விடச் செல்வோர் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

ஒரு ஓம் மின்தடை என்ன செய்யும்?

இப்போது இயற்பியல் பாடத்தில் படித்த ஓம் விதியை எடுத்துக்கொள்வோம். மின்னழுத்தம் என்பது மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் கிடைப்பது. மின்னல் பாயும் பாதையில் வெறும் 1 ஓம் மின்தடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 30,000 ஆம்பியரை 1 ஓமால் பெருக்கினால் 30,000 வோல்ட்! நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தான்.

மின்னோட்டம் பாய்மர உச்சியில் இறங்கியதும் அதற்கு ஒரே இலக்குதான்: கடல்நீர். அங்கே செல்லும் வழி தடையில்லாமல் இருந்தால் நேராகப் போய்விடும். வழியில் தடை இருந்தால், மேலே கணக்கிட்டதுபோல் மின்னழுத்தம் எகிறும். அப்போது மின்னோட்டம் அருகில் உள்ள வேறொன்றுக்குத் தாவும். அந்த ‘வேறொன்று’ ஓர் எஃகுக் கம்பியாக இருக்கலாம், இயந்திரமாக இருக்கலாம். பாய்மரத்துக்குப் பக்கத்தில், கடல்நீரில் நனைந்த உடையுடன் உட்கார்ந்திருக்கும் மனிதராகவும் இருக்கலாம். இதைப் பக்கப் பாய்ச்சல் என்பார்கள். ஆக, மின்னல் நேராகத் தலையில் விழுந்தால்தான் ஆபத்து என்பதில்லை.

ஆப்டிமிஸ்ட் போன்ற சிறு படகைப் பாருங்கள். பாய்மரம் அலுமினியம். நல்ல மின்கடத்தி. ஆனால் அதன் அடி, கண்ணாடி இழையாலான படகின் உள்தரையில் நிற்கிறது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. பாய்மரத்திலிருந்து கடலுக்குச் செல்ல உலோகப் பாதை எதுவும் இல்லை. பாதி வழியில் முடிந்துபோகும் சாலையைப்போலத்தான் இது. மின்னோட்டம் படகின் அடியைத் துளைத்துக்கொண்டு போகும்; அல்லது பக்கத்தில் இருப்பவர் வழியாகப் போகும். அந்தப் படகில் நீங்கள் பாய்மரத்திலிருந்து ஒரு மீட்டர் தொலைவில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நீரின் தன்மையும் முக்கியம். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். நன்னீரின் கடத்துதிறன் அதைவிட நூறு மடங்குக்கும்மேல் குறைவு. ஆகவே பிடோக், மெக்ரிட்சி போன்ற நீர்த்தேக்கங்களில் படகு வலிப்போர் “நாம் கடலில் இல்லையே” என்று ஆறுதல் அடைய முடியாது. நன்னீரில் மின்னோட்டம் எளிதில் பரவிக் கரைய முடியாததால் பக்கப் பாய்ச்சலின் ஆபத்து கூடுகிறது.

பெட்டிக்குள் கிடந்த சங்கிலி

மின்னலுக்கு எதிராகக் கப்பல்களைப் பாதுகாக்கும் முயற்சிக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதில் நமக்கு ஒரு நல்ல பாடமும் இருக்கிறது.

பெஞ்சமின் பிராங்க்ளின் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இடிதாங்கியைக் கண்டுபிடித்த பிறகு, கப்பல்களுக்கும் அதைப் பயன்படுத்தலாமே என்ற எண்ணம் எழுந்தது. அக்காலக் கப்பல்களின் பாய்மரங்கள் மரத்தாலானவை. மரம் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. மின்னல் தாக்கினால் மரத்துக்குள் இருக்கும் ஈரம் ஒரே கணத்தில் நீராவியாகி விரியும். பாய்மரம் வெடித்துச் சிதறும். பாய்மரம் இல்லாத கப்பல் நடுக்கடலில் நகர முடியாமல் நின்றுவிடும்.

இதற்குத் தீர்வாகக் கப்பல்களுக்கு ஓர் உலோகச் சங்கிலி கொடுக்கப்பட்டது. இடிமழை நெருங்கும்போது மாலுமிகள் அதைப் பாய்மர உச்சிக்கு ஏற்றி, மறுமுனையைக் கடலில் விட வேண்டும். திட்டம் நல்லதுதான். ஆனால் நடைமுறையில் என்ன ஆனது? சங்கிலி பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. இடிமழை வரும்போது மாலுமிகளுக்குப் பாய்களைச் சுருட்டுவது, கயிறுகளைக் கட்டுவது என்று நூறு வேலை. சங்கிலி நினைவுக்கு வரும் நேரத்தில் மின்னல் தலைக்குமேல் இருக்கும். அப்போது பாய்மரத்தில் ஏறுவதைவிட ஆபத்தான வேலை வேறில்லை.

இங்கிலாந்தின் பிளிமத் நகரைச் சேர்ந்த மருத்துவர் வில்லியம் ஸ்னோ ஹாரிஸ் இந்தக் குறையைக் கண்டார். 1820ஆம் ஆண்டில் அவர் ஒரு மாற்று யோசனையை முன்வைத்தார். செம்புத் தகடுகளைப் பாய்மரத்திலேயே நிலையாகப் பதித்து, உச்சியிலிருந்து அடிவரை தொடர்ச்சியாகக் கொண்டுவந்து, கப்பலின் அடியில் நீரைத் தொடும் உலோகத்துடன் இணைத்துவிட வேண்டும் என்றார் அவர். அப்படிச் செய்தால் எந்த மாலுமியும் எதையும் ஏற்ற வேண்டியதில்லை. பாதுகாப்பு எப்போதும் தயாராக இருக்கும்.

இந்த அமைப்பு பொருத்தப்பட்ட தொடக்கக் கப்பல்களில் ஒன்று எச்எம்எஸ் பீகல். ஆம், சார்ல்ஸ் டார்வின் உலகைச் சுற்றிவந்த அதே கப்பல்தான். 1831 டிசம்பரில் புறப்பட்டு 1836 அக்டோபரில் திரும்பிய அந்த நெடும்பயணத்தில், மின்னலால் அதற்குச் சேதம் ஏற்படவில்லை. ஆனாலும் பிரிட்டிஷ் கடற்படை இந்த முறையை முழுமையாக ஏற்றுக்கொள்ள 1840கள் வரை ஆனது. ஸ்னோ ஹாரிசுக்கு 1847ஆம் ஆண்டில் ‘சர்’ பட்டம் வழங்கப்பட்டது.

சங்கிலிக்கும் செம்புத் தகட்டுக்கும் உலோகத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு நேரத்தில்தான். ஒன்றை, ஆபத்து வந்த பிறகு தேட வேண்டும். மற்றொன்று, ஆபத்து வரும் முன்பே தயாராக இருக்கிறது.

இன்றைய பெரிய படகுகளில்

ஒவ்வொரு நவம்பரிலும் மலேசியாவின் போர்ட் கிள்ளானிலிருந்து பங்கோர், பினாங்கு வழியாக லங்காவிவரை ராஜா மூடா சிலாங்கூர் அனைத்துலகப் பாய்மரப் படகுப் போட்டி நடைபெறும். இரவிலும் கடலில் செல்லும் இத்தகைய பெரிய படகுகளால், மின்னலைக் கண்டதும் கரைக்கு ஓடிவிட முடியாது. ஆகவே அவற்றுக்குப் படகிலேயே பாதுகாப்பு தேவை. ஸ்னோ ஹாரிஸ் சொன்ன கொள்கையேதான் இன்றும் பின்பற்றப்படுகிறது.

பாய்மரத்தின் அடியிலிருந்து தடித்த செம்புக் கம்பி ஒன்று கூடுமானவரை நேராகக் கீழே செல்லும். அதில் கூர்மையான வளைவுகள் இருக்கக் கூடாது. வளைவில் மின்னல் கம்பியை விட்டுத் தாவிவிடக்கூடும். அந்தக் கம்பி, நீருக்குள் இருக்கும் உலோகத் தகட்டுடனோ படகின் அடிக்கட்டையுடனோ இணைக்கப்படும். உப்புநீரில் செல்லும் படகுக்கு இந்தத் தகடு குறைந்தது 30 செண்டிமீட்டர் நீளமும் 30 செண்டிமீட்டர் அகலமும் உள்ளதாக இருக்க வேண்டும் என்று அமெரிக்கத் தர விதிகள் கூறுகின்றன. படகிலுள்ள பெரிய உலோகப் பொருள்கள் அனைத்தும் ஒன்றோடொன்று இணைக்கப்படும். அப்போது அவற்றுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு குறையும்; பக்கப் பாய்ச்சலுக்கான காரணமும் குறையும்.

இப்படி அமைத்தால், பாய்மர உச்சியிலிருந்து ஒரு கூடாரம் விரித்ததுபோல் படகைச் சுற்றிப் பாதுகாப்பு வட்டம் உருவாகும். ஆனால் இது மின்னல் தாக்குவதைத் தடுப்பதில்லை. தாக்கும் மின்னலுக்கு, மனிதர்கள் இல்லாத ஒரு பாதையைக் காட்டுகிறது, அவ்வளவுதான். அப்போதும் படகிலுள்ளோர் கீழே உள்ள அறைக்குள் சென்று, பாய்மரத்தையும் உலோகப் பொருள்களையும் தொடாமல் இருக்க வேண்டும். குறிப்பாக, ஒரு கையால் ஓர் உலோகத்தையும் மறு கையால் இன்னோர் உலோகத்தையும் பிடிக்கவே கூடாது. அப்படிப் பிடித்தால் இரண்டுக்கும் நடுவே உங்கள் இதயம்தான் பாலமாக இருக்கும்.

உங்கள் சிறு படகில் இந்த வசதி எதுவும் இல்லை. செம்புக் கம்பி இல்லை, தகடு இல்லை, ஒளிந்துகொள்ள அறை இல்லை. அப்படியானால் உங்களுக்கு எது பாதுகாப்பு? நேரம் மட்டும்தான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

மின்னல் தெரிந்ததும் நொடிகளை எண்ணத் தொடங்கி, இடி கேட்கும்போது நிறுத்துங்கள். ஒலி ஏறத்தாழ 3 நொடிக்கு ஒரு கிலோமீட்டர் செல்லும். ஆகவே நொடிகளை மூன்றால் வகுத்தால் மின்னல் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இறங்கியது என்று தெரியும். இதை வைத்து உருவானதுதான் ‘30-30’ விதி. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடி அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் உடனே கட்டடத்துக்குள் செல்லுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வராதீர்கள். 30 நொடி என்றால் 10 கிலோமீட்டர்.

திடலில் பந்து விளையாடுபவருக்கு இது போதுமான விதி. இரண்டு நிமிடம் ஓடினால் பள்ளிக் கட்டடம் வந்துவிடும். கடலில் இருப்பவருக்கு?

இடிமேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் உங்களை நோக்கி நகர்வதாக வைத்துக்கொள்வோம். 10 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு ஆகும் நேரம் 15 நிமிடம்.

உங்கள் படகின் வேகம் 3 நாட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். எனவே உங்கள் வேகம் மணிக்கு ஏறத்தாழ 5.6 கிலோமீட்டர். ஒன்றரை கிலோமீட்டரைக் கடக்க 16 நிமிடம் ஆகும். கரையில் படகை இழுத்து வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் செல்ல இன்னும் 5 நிமிடம். மொத்தம் 21 நிமிடம்.

மேகத்துக்கு 15, உங்களுக்கு 21. நீங்கள் உடனே திரும்பினாலும் 6 நிமிடம் பின்தங்குகிறீர்கள். கடைசிச் சுற்றுக்காக இன்னும் 10 நிமிடம் எடுத்துக்கொண்டால், 16 நிமிடம் இடிமேகத்துக்குக் கீழே இருப்பீர்கள்.

இதுவும் நல்ல நிலைமையை வைத்துப் போட்ட கணக்குதான். உண்மை இன்னும் கடுமையானது. மழை வருவதற்குமுன் காற்று அடங்கிப்போவது வழக்கம். அப்போது உங்கள் வேகம் 3 நாட்டுக்கும் குறையும். அதன் பிறகு திடீரென வீசும் சூறைக்காற்றில் படகு கவிழலாம். மேலும், மின்னல் மேகத்துக்கு நேர் கீழேதான் இறங்கும் என்பதில்லை. 15 கிலோமீட்டர் தள்ளியும், வெயில் அடிக்கும் இடத்திலும் அது இறங்கியதுண்டு. பாய் படபடக்கும் ஓசையிலும் அலையோசையிலும் முதல் சில இடிகள் உங்கள் காதில் விழாமலே போயிருக்கலாம்.

ஆகவே படகில் இருப்பவர் 30 நொடி விதிக்குக் காத்திருக்க முடியாது. இடியோசை காதில் விழுந்துவிட்டாலே மின்னல் உங்களை எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். எத்தனை நொடி என்று எண்ணுவதைக் கரைக்குத் திரும்பும் வழியில் செய்யலாம்.

இதைவிட நல்ல வழி, இடி கேட்பதற்குமுன்பே அறிவது. படகை இறக்குவதற்குமுன் மழை ரேடார் படத்தைப் பாருங்கள். சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் இணையத்தளமும் ‘மைஎன்வி’ செயலியும் இதற்கு உதவும். சீருடைக் குழுக்களில் இருப்போருக்கு ‘கேட் 1’ என்ற மின்னல் எச்சரிக்கை பழக்கமானது. அந்த எச்சரிக்கை நடப்பில் இருந்தால் படகு கரையிலேயே இருக்கட்டும். மேகங்கள் திரளும் நாளில் கரைக்கு அருகிலேயே பயிற்சி செய்யுங்கள். தூரத்தைப் பாதியாக்கினால் திரும்பும் நேரமும் ஏறத்தாழ பாதியாகும்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். பயிற்றுவிப்பாளரிடம் இருப்பது ஒரே ஒரு மீட்புப் படகாக இருக்கலாம். அவர் பொறுப்பில் பத்துச் சிறு படகுகள் இருக்கலாம். அவர் விசில் ஊதியபின் ஒருவர் மட்டும் சுற்றை முடிக்கப் போனால், மற்ற ஒன்பது பேரையும் விட்டுவிட்டு அவரைத் தேடிச் செல்ல வேண்டியிருக்கும். தாமதம் உங்கள் உயிரை மட்டும் பணயம் வைப்பதில்லை.

கடலிலேயே மாட்டிக்கொண்டால்

எல்லாம் சரியாகச் செய்தும் சில நேரம் மாட்டிக்கொள்ள நேரலாம். அப்போது:

• உயிர்காப்பு அங்கியை இறுக்கமாக அணிந்திருங்கள். மின்னல் அதிர்ச்சியில் நினைவிழப்பவரை மிதக்கவைப்பது அதுதான்.
• பயிற்றுவிப்பாளரின் சொல்லைக் கேளுங்கள். மீட்புப் படகு இழுத்துச் செல்ல வந்தால் உடனே கயிற்றைப் பற்றுங்கள்.
• பாய்மரத்திலிருந்தும், அதைத் தாங்கும் எஃகுக் கம்பிகளிலிருந்தும் படகு அனுமதிக்கும் அளவுக்கு விலகி, தாழ்வாக உட்காருங்கள். எழுந்து நிற்காதீர்கள்.
• கையையோ காலையோ நீரில் தொங்கவிடாதீர்கள். பயத்தில் கடலில் குதிக்காதீர்கள். அருகில் மின்னல் தாக்கினால் மின்னோட்டம் நீரின் மேற்பரப்பில்தான் பரவும்.
• தூண்டில் கோல் போன்ற நீளமான பொருள்களைக் கீழே படுக்கவையுங்கள்.

இவை ஆபத்தைக் குறைக்கும், நீக்கிவிடாது. சிறு படகில் பாதுகாப்பான மூலை என்று எதுவும் இல்லை.

கரை சேர்ந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. மணலில் நிற்பதும், மரத்தடியில் ஒதுங்குவதும், படகுகளின் பாய்மரங்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் பேசிக்கொண்டிருப்பதும் ஆபத்தே. சுவர்களும் மின்கம்பிகளும் நீர்க்குழாய்களும் உள்ள முழுமையான கட்டடத்துக்குள் செல்லுங்கள். அல்லது, கதவு, சன்னல்களை மூடிய காருக்குள் உட்காருங்கள். காரைப் பாதுகாப்பாக்குவது அதன் ரப்பர் சக்கரங்கள் அல்ல. கிலோமீட்டர் கணக்கில் காற்றைத் தாண்டி வரும் மின்னலுக்குச் சில செண்டிமீட்டர் ரப்பர் ஒரு தடையே இல்லை. காரின் உலோக உடல்தான் மின்னோட்டத்தை உங்களைச் சுற்றிக் கொண்டுசென்று தரையில் விடுகிறது. உங்கள் ரப்பர் காலணியும் அதே காரணத்தால் உங்களைக் காப்பாற்றாது.

ஒருவரை மின்னல் தாக்கிவிட்டால்

“அவரைத் தொட்டால் நமக்கும் மின்சாரம் பாயும்” என்று பயந்து ஒதுங்குவது பெரிய தவறு. மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. அவரைத் தயங்காமல் தொடலாம்.

மின்னல் தாக்கியவர்களில் பெரும்பாலோர் உயிர் பிழைக்கிறார்கள். உயிரிழப்புக்கு முக்கியக் காரணம் இதயமும் மூச்சும் நின்றுபோவது. ஆகவே அவருக்குச் சுயநினைவும் மூச்சும் இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தும் சிபிஆர் சிகிச்சையைத் தொடங்குங்கள். இதற்குள் இன்னொருவர் சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 எண்ணை அழைத்து, அருகிலுள்ள ஏஇடி கருவியைக் கொண்டுவரட்டும். கடலில் இருந்தால், மீட்புப் படகின் விஎச்எஃப் வானொலியில் 16ஆம் அலைவரிசை அவசர அழைப்புக்கு உரியது. மின்னல் தொடர்ந்தால், உதவுபவர்களும் ஆபத்தில் இருப்பதால், முடிந்தவரை விரைவாகப் பாதுகாப்பான இடத்துக்கு மாறுங்கள்.

மின்னல் தாக்கிய படகையும் சோதிக்க வேண்டும். மின்னோட்டம் வெளியேறிய இடத்தில் நுண்ணிய துளைகள் விழுந்து நீர் கசியலாம். திசைகாட்டி தவறான திசையைக் காட்டலாம்.

மீண்டும் அந்த சனிக்கிழமை

இப்போது ஈஸ்ட் கோஸ்ட் கடலுக்குத் திரும்புவோம். மேற்கே வானம் கறுத்திருக்கிறது. மெல்லிய உறுமல் கேட்டுவிட்டது. உங்களுக்கு முன்னால் இருக்கும் படகு இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. உங்களிடம் 15 நிமிடம் இருக்கிறது. தேவைப்படுவது 21 நிமிடம்.

சுக்கானைத் திருப்புங்கள். முன்னால் செல்பவருக்கும் குரல் கொடுங்கள். அந்தச் சுற்றை அடுத்த வாரம் முடித்துக்கொள்ளலாம்.

செய்து பாருங்கள்: நீங்கள் வழக்கமாகப் படகு விடும், துடுப்பு வலிக்கும், அல்லது நீந்தும் இடம் எது? அங்கிருந்து முழுமையான கட்டடத்துக்குள் செல்ல உங்களுக்கு எத்தனை நிமிடம் ஆகும்? அடுத்த பயிற்சியின்போது கைக்கடிகாரத்தைப் பார்த்து அளந்துகொள்ளுங்கள். படகை இழுத்து வைக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ள மறக்காதீர்கள். விடை 15 நிமிடத்துக்குமேல் வந்தால், மேகம் திரளும் நாள்களில் எவ்வளவு தூரம் வரை போகலாம் என்று உங்கள் பயிற்றுவிப்பாளரிடம் பேசி முன்கூட்டியே ஓர் எல்லையை முடிவு செய்யுங்கள். வானம் தெளிவாக இருக்கும்போது எடுக்கும் அந்த முடிவுதான், ஸ்னோ ஹாரிஸ் பாய்மரத்தில் பதித்த செம்புத் தகட்டைப்போல, தேவைப்படும் நேரத்தில் தயாராக இருக்கும்.